டிஜே ஆகப் போறீங்களா, பேரை எப்படிப் புடிக்கிறதுன்னு சொல்றேன்

என்னோட மொத மொத பேரு 'டிஜே வைப்ஸ்'. கேக்க சுமாரா இருக்குல்ல, ஆனா அப்படியே எழுதுனா கெத்து பத்தாதுன்னு நெனச்சு ஐ வர்ற எடத்துல 1 போட்டு, ஈ வர்ற எடத்துல 3 போட்டு, கடைசில எஸ்ஸுக்கு பதிலா இசட் போட்டேன். மொத நிகழ்ச்சில மைக் புடிச்சவர் கைல ஒரு துண்டு பேப்பர், அதுல என் பேரு. மனுஷன் பேப்பரை கண்ணுகிட்ட கொண்டு போறாரு, தள்ளி வெச்சு பாக்குறாரு, அப்புறம் "அடுத்து வரப்போறது டிஜே வி... ஒண்ணு... பி... மூணு... இசட்"னு வண்டி நம்பர் படிக்கிற மாதிரி படிச்சு முடிச்சிட்டு, அவருக்கே சங்கடமாகி, "நம்ம டிஜே தம்பி வர்றாருங்க, கை தட்டுங்க"ன்னுட்டாரு. அன்னிக்கு ராத்திரி முழுக்க நான் டிஜே தம்பிதான்.

அங்கதான் ஒரு விஷயம் உறைச்சுது. நம்ம பேரை நாம எங்கயாவது கூப்பிடறோமா? இல்ல. மத்தவங்கதான் கூப்பிடறாங்க, மத்தவங்கதான் டைப் பண்றாங்க, போஸ்டர் அடிக்கிறவங்க, மைக்ல சொல்றவங்க, "நேத்து ஒருத்தர் வாசிச்சாரே அவர் பேரு என்ன"ன்னு ஃப்ரெண்டு கிட்ட கேக்கறவங்க. அதனால கண்ணாடி முன்னாடி நின்னு நமக்கு நல்லா இருக்கான்னு பாக்கறது எல்லாம் கடைசி வேலை, அடுத்தவங்க வாய்ல அது எப்படி வருதுன்னு பாக்கறதுதான் மொத வேலை.

உடனே டெட்மௌஸ்னு (deadmau5) ஒரு பெரிய டிஜே இருக்காரே, அவர் பேர்ல 5 இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. அவர் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு எலி செத்துக் கெடந்துச்சு, அந்தக் கதைய சாட் ரூம்ல சொல்லப் போயி அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு, முழுசா வெக்கலாம்னு பாத்தா அங்க இத்தனை எழுத்துக்கு மேல பேரு ஏத்துக்காது, அதனால சுருக்கி எஸ், இ ரெண்டுக்கும் பதிலா ஒரு 5. அதாவது அது ஸ்டைலுக்கு போட்டதில்ல, எடம் பத்தாம போட்டது. இவ்வளவு பெரிய ஆள் ஆன பிறகும் அவரை 'டெட்மௌ ஃபைவ்'னு படிக்கிறவங்க இருக்காங்க. நம்மள எப்படி எல்லாம் படிப்பாங்கன்னு யோசிச்சுக்கோங்க.

சரி, பேரை எங்க தேடறது. மொதல்ல வீட்ல வெச்ச பேரையே எடுத்துப் பாருங்க, நெறைய பேரு இதைத் தாண்டிப் போயிடறாங்க. கார்ல் காக்ஸ், டேவிட் கெட்டா, ஸ்டீவ் அயோக்கி எல்லாம் சொந்தப் பேருலதான் ஓடுறாங்க. ஷார்லெட் டி விட் கதை இன்னும் சுவாரசியம், பொண்ணுன்னு தெரிஞ்சா மட்டமா எடை போடுவாங்கன்னு ஆரம்பத்துல 'ரேவிங் ஜார்ஜ்'னு ஆம்பளைப் பேருல வாசிச்சிட்டு, அப்புறம் 2015ல சொந்தப் பேருக்கே திரும்பி வந்துட்டாங்க. சொந்தப் பேரு நீளமா இருந்தா வெட்டி ஒட்டலாம், நார்வேக்காரர் கிர்ரே கோர்வெல்-டால் தன் பேருல மொத ரெண்டு எழுத்து, குடும்பப் பேருல மொத ரெண்டு எழுத்து எடுத்து கைகோ ஆனாரு, மார்ட்டின் கேரிட்சன் கேரிக்ஸ் ஆனாரு, ஆன்டன் ஜஸ்லாவ்ஸ்கி பேர்ல உள்ள இசட்டை மட்டும் எடுத்து ஜெட் ஆயிட்டாரு. உங்க பேரை, இனிஷியலை, அப்பா பேரை ஒரு பேப்பர்ல எழுதி வெட்டி வெட்டிப் பாருங்க, அரை மணி நேரத்துல பத்து பேராவது தேறும், அதுல ஒம்போது மட்டமாத்தான் இருக்கும், பரவால்ல.

ரெண்டாவது, ஏற்கனவே யாராவது வெச்ச பட்டப்பேரு. என்னைக் கேட்டா இதான் இருக்கறதுலயே பெஸ்ட், ஏன்னா நாலு பேரு வாய்ல புழங்கி தேஞ்சு வழவழன்னு ஆன பேரு அது, தனியா டெஸ்ட் பண்ணவே வேணாம். 1973 ஆகஸ்ட் 11ல நியூயார்க் பிராங்க்ஸ்ல பார்ட்டி வாசிச்சு ஹிப்ஹாப்புக்கே புள்ளையார் சுழி போட்டவருன்னு சொல்றாங்களே கூல் ஹெர்க், அவர் பேர்ல உள்ள ஹெர்க் என்ன தெரியுமா, ஆளு வாட்டசாட்டமா இருப்பாருன்னு பசங்க ஹெர்குலிஸ்னு கூப்பிட்டதோட சுருக்கம். டியெஸ்டோவும் சின்ன வயசுப் பட்டப்பேருலருந்து வந்ததுதான். திட்டு கூட பேராகும், டாஃப்ட் பங்க்னு ஒரு பிரெஞ்சு ஜோடி, அவங்க ரெண்டு பேரும் முன்னாடி ஒரு ராக் பேண்ட் வெச்சிருந்தாங்க, ஒரு இங்கிலாந்து பத்திரிகை அவங்க பாட்டை மட்டமா விமர்சனம் பண்ணி எழுதுன வார்த்தைய அப்படியே எடுத்து போர்டுல மாட்டிக்கிட்டாங்க. அந்த தில்லு எனக்கு ரொம்பப் புடிக்கும்.

மூணாவது, எங்கயோ கேட்ட, படிச்ச வார்த்தை. டிப்ளோங்கற டிஜேவுக்கு டைனோசர் பைத்தியம், டிப்ளோடோகஸ்ல பாதிய எடுத்துக்கிட்டாரு. அவிச்சின்னா பௌத்தத்துல நரகத்தோட ஆக அடித்தட்டு, டிம் பெர்க்லிங்ங்கற டிஜே அதைத் தன் பேரா எடுத்தப்ப மைஸ்பேஸ்ங்கற சோஷியல் சைட்ல அந்தப் பேரு காலி இல்ல, அதனால கடைசில இன்னொரு ஐ சேத்தாரு. உங்களுக்கு எதுல பைத்தியமோ அதுல தேடுங்க, பூச்சி, ரயிலு, நட்சத்திரம், பழைய கேமரா, எதுவா இருந்தாலும் சரி. 'பீட்', 'பேஸ்', 'சவுண்ட்', 'வைப்' இந்த நாலு வார்த்தைய மட்டும் தொடாதீங்க, உலகத்துல பாதி டிஜே அங்கதான் கூடாரம் போட்டிருக்கான், நானும் கொஞ்ச நாள் அங்கதான் இருந்தேன்.

இப்ப கைல அஞ்சாறு பேரு இருக்குன்னு வைங்க. தேடிப் பாக்கற வேலை இனிமேதான், இதுல சோம்பேறித்தனம் பட்டா பின்னாடி அழுவீங்க. கூகுள்ல போட்டுட்டு விட்றக்கூடாது. ஸ்பாட்டிஃபை, சவுண்ட்கிளவுட், டிஜேக்கள் பாட்டு வாங்கற பீட்போர்ட், இன்ஸ்டா, யூட்யூப், வெளிவந்த ரெக்கார்டை எல்லாம் பட்டியல் போடற டிஸ்காக்ஸ் எல்லாத்துலயும் தனித்தனியா போட்டுப் பாருங்க. டிஸ்காக்ஸ்ல ஒரே பேருல ரெண்டு ஆள் இருந்தா ரெண்டாவது ஆளுக்கு பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள 2ன்னு போடுவாங்க, அடுத்தவனுக்கு 3, இப்படியே போகும். நான் என் பேரை அங்க தேடினப்ப வரிசையா நம்பர் வந்துட்டே இருந்துச்சு, ரேஷன் கியூல கடைசில நின்ன மாதிரி ஆயிடுச்சு. ஸ்பாட்டிஃபைல இன்னும் மோசம், ஒரே பேரு இருந்தா உங்க பாட்டு இன்னொருத்தன் பக்கத்துல போயி உக்காந்துக்கும், முன்னப்பின்ன தெரியாத ஒருத்தரோட சோகப் பாட்டு உங்க பக்கத்துல வந்து நிக்கும், அதைப் பிரிச்செடுக்க மெயில் மேல மெயில் போட்டு காத்துக் கெடக்கணும்.

பெரிய ஆளுங்களே இதுல மாட்டியிருக்காங்க. கெமிக்கல் பிரதர்ஸ்ங்கற இங்கிலாந்து ஜோடி ஆரம்பத்துல டஸ்ட் பிரதர்ஸ்தான், அமெரிக்காவுல அதே பேருல ஏற்கனவே ஒரு தயாரிப்பாளர் ஜோடி இருந்தாங்க, இவங்களும் அவங்க மேல உள்ள மரியாதைலதான் அந்தப் பேரை வெச்சுக்கிட்டாங்க, ஆனா கொஞ்சம் பேரு கெடச்சதும் அவங்க தரப்புலருந்து எதிர்ப்பு வந்து 1995ல மாத்த வேண்டியதாப் போச்சு. நல்ல வேளை, இதுவே நல்ல பேரா அமைஞ்சுது. எல்லாருக்கும் அப்படி அமையாது.

இங்க ஒரு தப்புக் கணக்கு உண்டு, "எழுத்தை மாத்திப் போட்டா வேற பேரு ஆயிடும்ல"ன்னு. யூசர்நேம் வேணா கெடைக்கும். ஆனா ட்ரேட்மார்க் விஷயத்துல எழுத்தை மட்டும் பாக்க மாட்டாங்க, காதுக்கு ஒரே மாதிரி கேக்குதா, ஜனங்க குழம்புவாங்களான்னும் பாப்பாங்க. அதனால சி எடத்துல கே போட்டுட்டு தப்பிச்சிட்டோம்னு நெனைக்காதீங்க. உங்க நாட்டு ட்ரேட்மார்க் வெப்சைட்ல தேடறதுக்கு பெரும்பாலும் காசு கேக்க மாட்டாங்க, வகுப்பு 41 பொழுதுபோக்கு சேவை, வகுப்பு 9 ரெக்கார்டிங், டவுன்லோட் பண்ற இசை எல்லாம், இந்த ரெண்டுலயும் பாத்தாப் போதும். பெரிய கம்பெனியோட பேரு, கார்ட்டூன் பொம்மை பேரு இதுங்க பக்கமே போகாதீங்க, டெட்மௌஸோட எலித்தலை லோகோவை எதிர்த்து 2014ல டிஸ்னி கெளம்பி வந்துச்சு, அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சமாதானம் ஆனாங்க. அவருக்கு வக்கீல் வெக்க வசதி இருந்துச்சு, நமக்கு?

எழுத்தை மாத்தறது உருப்படியா வேலை செஞ்ச எடமும் இருக்கு, சர்ச்சஸ்னு ஒரு ஸ்காட்லாந்து பேண்ட், யூ வர்ற எடத்துல வி போட்டாங்க, இல்லன்னா கூகுள்ல தேடறவனுக்கு மாதா கோயில்தான் வரும். இதுக்கு நேர் எதிரா ஃபோர் டெட்ங்கற எலக்ட்ரானிக் இசைக்காரர் ஒரு கூத்து பண்ணாரு, யாராலயும் படிக்கவும் முடியாது தேடவும் முடியாதுங்கற மாதிரி குறியீடா அடுக்கி ஒரு தனிப் பேருல பாட்டு விட்டாரு, அந்தக் குறியீட்டுக் குவியலுக்கு நடுவுல நம்ம தமிழ் 'இ' ஒண்ணு சிவனேன்னு உக்காந்திருக்கும். பாத்ததும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஆனா அவர் ஏற்கனவே பேரு வாங்குன ஆளு, என்ன வேணா வெளையாடலாம்.

தேடல் எல்லாம் பாஸ் ஆன பேரு ரெண்டு மூணு மிஞ்சும். இப்ப காது டெஸ்ட். உங்களை ரொம்பத் தெரியாத ஒருத்தருக்கு போன் போடுங்க, பின்னாடி பாட்டை கொஞ்சம் சத்தமா ஓட விட்டுட்டு பேரை ஒரே ஒரு தடவை சொல்லுங்க, ஸ்பெல்லிங் சொல்லக்கூடாது, "இதை கூகுள்ல டைப் பண்ணி எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க"ன்னு கேளுங்க. அஞ்சு பேருகிட்ட பண்ணி நாலு பேராவது சரியா டைப் பண்ணிட்டா அந்தப் பேரு தேறுச்சு. நான் ரெண்டாவது பேருக்கு இதைப் பண்ணினப்ப அஞ்சு பேரும் அஞ்சு விதமா அனுப்பினாங்க, ஒருத்தர் அனுப்பினதுல எதோ மருந்து பேரு வந்துச்சு. ரெண்டு வருஷம் அந்தப் பேரை லோகோ வரைக்கும் யோசிச்சு வெச்சிருந்தேன், அஞ்சு நிமிஷத்துல செத்துருச்சு. அப்புறம் ஒருத்தரை மைக்ல சொல்ற மாதிரி கத்திச் சொல்லச் சொல்லுங்க. ரெண்டு மூணு அசையோட முடிஞ்சா கத்தறதுக்கும் சுகம், கூட்டம் திருப்பிச் சொல்றதுக்கும் சுகம். நீளமான பேருக்கு இன்னொரு தொல்லை, போஸ்டர்ல எடம் பத்தாம உங்க பேரை மட்டும் எறும்பு சைஸ்ல போட்ருவாங்க, புது ஆளுக்கு ஏற்கனவே கடைசி வரிதான்.

முன்னாடி 'டிஜே' போடணுமா வேணாமா? என் கருத்து, வேணாம். டியெஸ்டோ கூட ஒரு காலத்துல டிஜே டியெஸ்டோதான், அப்புறம் கழட்டி வெச்சிட்டாரு. நாளைக்கு சொந்தமா பாட்டு பண்ணலாம், லைவா கீபோர்டு வாசிக்கலாம், அப்ப அந்த ரெண்டு எழுத்து எடைஞ்சலா இருக்கும். டிஜே ஷேடோ, டிஜே ஸ்னேக் மாதிரி அதை எடுத்துட்டா மிச்சம் வெறும் சாதா வார்த்தையா நிக்கும்னா மட்டும் வெச்சுக்கலாம். யூசர்நேம் காலி இல்லாதப்ப ஒட்டிக்கவும் உதவும்.

அர்த்தம் பாக்கறதை விட்றாதீங்க. உங்க பாஷைல அழகா இருக்கறது இன்னொரு பாஷைல கெட்ட வார்த்தையா இருக்கும், அதனால நாலஞ்சு பாஷைல கொச்சை அர்த்தம் தேடிப் பாருங்க. அடுத்தவங்க இனம், சாமி, துக்கம் இதை வெச்சு பேரு வெக்கவே வெக்காதீங்க. பிளாக் மடோனாங்கற பேருல பல வருஷம் வாசிச்ச வெள்ளைக்கார டிஜே 2020ல பிளெஸ்டு மடோனான்னு மாத்திக்கிட்டாங்க, டேவ் லீயும் அதே வருஷம் ஜோயி நீக்ரோங்கற பேரை விட்டுட்டாரு, ரெண்டு பேரும் எவ்வளவோ ரெக்கார்டு போட்ட பிறகு. 'யங்', 'கிட்' எல்லாம் இப்ப நல்லாத்தான் இருக்கும், நாப்பது வயசுல தொப்பையோட நின்னு 'கிட்'னு அறிவிப்பு கேக்கறதை ஒரு நிமிஷம் கற்பனை பண்ணுங்க. டெக்னோ, டிரான்ஸ்னு வாசிக்கிற வகைய பேர்லயே பூட்டி வெக்கறதும் வேணாம், ரசனை மாறும். ரெண்டு வகை வாசிச்சே ஆகணும்னா ரெண்டு பேரு வெச்சுக்கலாம், ஃபேட்பாய் ஸ்லிம்மா ஓடுன நார்மன் குக் பீட்சாமேன்னு இன்னொரு பேருலயும் பாட்டு விட்டிருக்காரு. ஆனா புதுசுல ஒரு பேரைக் காப்பாத்தறதே பெரும்பாடு.

முடிவு பண்ணினதும் ரெண்டு வாரம் யாருகிட்டயும் அறிவிக்காம நீங்களே பொழங்கிப் பாருங்க, போன் வால்பேப்பர்ல போடுங்க, மிக்ஸ் ஃபைலுக்கு அந்தப் பேரு குடுங்க. ரெண்டு வாரம் கழிச்சும் சொல்றப்ப கூச்சமா இல்லன்னா ஒரே ராத்திரில எல்லா அக்கவுண்டும் எடுத்துருங்க, பாதி எடுத்துட்டு மிச்சத்தை நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க. இன்ஸ்டாவுல 30 எழுத்து வரைக்கும் விடுவாங்க, எக்ஸ்ல 15தான், அதனால 15க்குள்ள அடங்கற மாதிரி ஒண்ணை யோசிச்சு எல்லா எடத்துலயும் அதையே வைங்க. கூடவே ஒரு மெயில் ஐடி, முடிஞ்சா டொமைன். மாத்தணும்னு தோணுனா மொத பாட்டு ரிலீஸ் ஆகறதுக்கு முன்னாடியே மாத்திருங்க, அதுக்கப்புறம் மாத்தறது வீடு மாத்தற மாதிரி, எல்லா எடத்துலயும் போயி அட்ரஸ் மாத்தணும்.

கடைசியா பென்டிரைவ். அதுக்கும் பேரு குடுங்க, சிடிஜேல, அதான் மேடைல டிஜேக்கள் பாட்டு ஓட்டற ப்ளேயர்ல, சொருகினா ஸ்க்ரீன்ல காட்டும், ஒரே மேடைல மூணு பேரு வாசிக்கறப்ப யாருது எதுன்னு குழப்பம் வராது. மேல ஒரு லேபிளும் ஒட்டிக்கோங்க, நல்லா உரிக்க வர்ற லேபிளா பாத்து. என்னோடது ஒண்ணுல இன்னமும் வி, ஒண்ணு, பி, மூணு, இசட்னுதான் இருக்கு, பேப்பரைச் சுரண்டியாச்சு, மார்க்கர் மை எப்படியோ பிளாஸ்டிக்ல எறங்கிருச்சு, போக மாட்டேங்குது.