ஏற்காடு இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள்

ரிட்டயர் ஆன பிறகு நானும் வீட்டுக்காரியும் அடிக்கடி சேலத்திலிருந்து காரில் ஏற்காடு போய் வருகிறோம். 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது பெரிதில்லை, இறங்குவதில்தான் சூட்சுமம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது கியர். வேகத்தை இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் குறையும். முதல் தடவை எனக்கு அப்படித்தான், பாதி வழியில் கருகல் வாடை. "என்னங்க, அடுப்பை அணைச்சோமா?" என்றாள் அவள்! ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிட்டோம். காரைச் சுற்றிக் குரங்குகள் வேறு. அவசரப்பட்டுச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடாக இருக்கும் பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) சட்டென்று குளிர்ந்து கோணிக்கொள்ளும். அப்புறம், பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடவே கூடாது. ஏறி வரும் வண்டிக்கு முதலில் வழி விடுங்கள்.