கம்பியில் உட்கார்ந்திருப்பது எந்தத் தகைவிலான்?

ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் ஊருணிப் பக்கம் போனால், தண்ணீரை உரசிக்கொண்டு தகைவிலான் குருவிகள் பறக்கும். இரண்டு வருஷம் எல்லாவற்றையும் வெறும் 'தகைவிலான்' என்றே இ-பேர்டில் (பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளம்) போட்டுவந்தேன். அவற்றில் செம்பிட்டத் தகைவிலானும் கலந்திருந்தது பிறகுதான் புரிந்தது. நான் பிரிக்கப் பழகிய வழி இது.

1. முதுகைப் பாருங்கள். அண்ணாந்து பார்த்தால் முதுகு தெரியாது. ஊருணிக் கரையில், படித்துறையின் மேல்படியில் நில்லுங்கள். குருவி தாழப் பறக்கும்போது முதுகு உங்கள் கண்ணுக்குக் கீழே வரும். வாலுக்குச் சற்று மேலே வெளிர்செம்மை தெரிந்தால் செம்பிட்டம். முழுக்கக் கருநீலம் என்றால் தகைவிலான்.

பைனாகுலர் 8x42 (8 மடங்கு பெரிதாக்குவது) போதும். 10 மடங்கில் பார்வைப் பரப்பு குறுகலாக இருக்கும், வளைந்து பறக்கும் குருவி நழுவிவிடும்.

2. வால் நீளத்தை நம்பாதீர்கள். நான் சறுக்கிய இடம் இதுதான். படங்களில் தகைவிலானுக்கு இரண்டு நீளக் கம்பிவால் இருக்கும். நம் ஊருக்கு வலசை வருபவற்றில் இளம்பறவைகள் நிறைய, அவற்றின் வால் குட்டை. பெரியவையும் இங்கே இருக்கும் மாதங்களில்தான் இறகு உதிர்த்து மாற்றுகின்றன. குட்டைவாலைக் கண்டதும் 'வேறு இனம்' என்று எழுதிவிட்டேன். செம்பிட்டத்துக்கும் வால் நீண்டு பிளந்தே இருக்கும், அதனால் நீளம் எதையும் சொல்லாது.

பார்க்க வேண்டியது வாலடியை, அதாவது வயிறு முடிந்து வால் தொடங்கும் இடத்தை. செம்பிட்டத்துக்கு அடிவால் தொடங்கும் இடத்திலிருந்தே கருப்பு, மையில் தோய்த்தெடுத்த மாதிரி. தகைவிலானுக்கு அந்த இடம் வெளுப்பு. திரும்பும்போது வாலை விரித்தால் வெள்ளைப் புள்ளி வரிசையும் தெரியும்.

3. கம்பியில் உட்கார்ந்தால் வேலை சுலபம். செம்பழுப்புத் தொண்டை, அதன் கீழே கரும்பட்டி: தகைவிலான். இளசுகளுக்குத் தொண்டை வெளிறியிருக்கும், பட்டி இருக்கும். பட்டியே இல்லாமல் மார்பு முழுக்க மெல்லிய கோடுகள், பிடரியோரம் செம்மை: செம்பிட்டம்.

4. கோடையில் கூட்டைப் பாருங்கள். தகைவிலான் சித்திரைக்குள் வடக்கே போய்விடும், தென்னாட்டில் கூடு கட்டாது. பாலத்தடியிலோ பழைய வீட்டுக் கூரையடியிலோ, குழாய்க் கழுத்து வைத்த குடுவை போல மண்கூடு இருந்தால் அது செம்பிட்டத்தின் வேலை.

பிறகு சேர்த்தது: வெள்ளைப் பிட்டத்தோடு வீட்டு முற்றத்துக்கு மேலே கூட்டமாகக் கத்திச் சுற்றுபவை எவை என்று இருவர் கேட்டிருந்தார்கள். அவை நாட்டு உழவாரன்கள், தகைவிலான் குடும்பமே இல்லை. உழவாரன் கம்பியில் உட்காராது. உட்கார்ந்துவிட்டால் மேலே மூன்றாவது குறிப்புக்குப் போங்கள்.