பென்சிலால் முகம் கீறப் பழகுவோம்: கோட்டை எங்கே அழுத்துவது?

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு தையல்கார ஐயா இருக்கிறார். அவரை முதன்முதலில் கீறியபோது கண், மூக்கு எல்லாம் அளவாகவே வந்தன. ஆனால் ஐயாவை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. எல்லாக் கோடும் ஒரே கனத்தில் இருந்ததுதான் காரணம்.

ஒரு எச்பி (HB) பென்சில், அதைவிட மென்மையாகவும் கறுப்பாகவும் கீறும் ஒரு 4பி (4B) பென்சில், ஒரு கொப்பி போதும். அழிறப்பர் லாச்சிக்குள்ளேயே இருக்கட்டும்.

முதலில் பென்சிலைத் தொடாமல் ஐந்து நிமிடம் ஆளைப் பாருங்கள். அவர் வேலையில் இருந்தால் இன்னும் நல்லது. ஐயா குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே தைக்கிறவர். ஊசி இல்லாத நேரத்திலும் வாய் இறுகியே இருக்கும். அவருடைய பொறுமையும் எண்ணிப் பேசுகிற குணமும் எனக்கு அந்த வாயில்தான் தெரிந்தன. இப்படி ஒரே ஒரு இடத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

அடுத்து, எச்பியால் மெல்லிய முட்டை வடிவம். கண்கள் உச்சிக்கும் நாடிக்கும் சரிபாதியில் வரும். புதிதாகக் கீறுவோர் அநேகமாக மேலே ஏற்றிவிடுவார்கள். தலை சாய்ந்திருந்தால் நடுக்கோட்டையும் சாய்த்துப் போடுங்கள்.

அப்புறம் 4பி. தெரிவுசெய்த இடத்திலிருந்தே தொடங்குங்கள். ஐயாவின் இரு உதடும் சேரும் கோட்டை ஒரே இழுப்பில் கீறினேன்: ஓரத்தில் அழுத்தம், நடுவில் மெலிவு, மறு ஓரத்தில் திரும்பவும் அழுத்தம். உதடுகளுக்கு விளிம்புக் கோடே போடவில்லை. கீழுதட்டுக்குக் கீழே சின்ன நிழல், அவ்வளவுதான். அதைப் பார்த்த அவர் மனைவி, "வாயில ஊசி இருக்குது போல" என்றார். அதே கோட்டைத் தயங்கித் தயங்கித் துண்டுதுண்டாகக் கீறியிருந்தால் முகத்திலும் பதற்றம் வந்திருக்கும். அது வேறொருவருக்குப் பொருந்தலாம், ஐயாவுக்கு இல்லை.

வெளிச்சம் படும் கன்னத்தில் கோடு போடாமல் விட்டுவிடுங்கள். பார்ப்பவர் கண் அதை நிரப்பிக்கொள்ளும். சுருக்கங்களில் இரண்டு மூன்று போதும். எல்லாவற்றையும் கீறினால் வயதுதான் தெரியும், ஆள் தெரியமாட்டார்.

நேரம் கிடைத்தால் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில், ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டில் இருக்கும் சப்புமல் நிறுவனத்துக்குப் போய்வாருங்கள். 1943இல் உருவான '43 குழு' என்ற இலங்கை நவீன ஓவியர் குழுவினரின் படைப்புகள் அங்கே உண்டு. அந்தக் குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற்றின் கோடுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள், எங்கே தடிக்கின்றன, எப்படி வளைகின்றன என்று.

கீறி முடிந்ததும் திகதி போட்டு வையுங்கள். அடுத்த வாரம் பழைய படத்தைப் பார்க்காமல் அதே ஆளை இன்னொரு தடவை கீறுங்கள்.