குலை நோய்: பூஞ்சணம் ஒன்றுதான் என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

குலை நோய் நெல்லைத் தாக்கும் ஒரு பூஞ்சண நோய். "எதிர்ப்புத் திறன் உள்ள ரகம்தானே, குலை நோய் வராது" என்று நம்பிவிடுவதுதான் முதல் தவறு. நெல்லில் உள்ள எதிர்ப்பு மரபணு, பூஞ்சணம் சுரக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் கண்டால்தான் வேலை செய்யும். அந்தப் புரதத்துக்கான மரபணு பல நேரம் குரோமோசோமின் நுனியில் இருக்கிறது. அங்கே ஒரு துண்டு உதிர்ந்தாலோ, தாவும் மரபணு (இடம் விட்டு இடம் மாறும் டிஎன்ஏ துண்டு) ஒன்று நடுவே புகுந்தாலோ புரதம் காணாமல் போகும். பயிருக்கு எதிரி கண்ணில் படாது. ஒரே ரகம் ஊர் முழுக்க நிற்கும்போது அப்படி மாறிய இனம்தான் பிழைத்துப் பெருகும். சில பருவங்களில் "ரகம் கெட்டுப்போச்சு" என்கிறோம். கெட்டது ரகம் அல்ல, பூஞ்சணம் மாறிவிட்டது. ஒரே வட்டாரத்தில் வேறு வேறு எதிர்ப்பு மரபணு கொண்ட இரண்டு மூன்று ரகங்களைப் போடுவதே நல்லது.

எந்த மரபணு எங்கே தாங்கும் என்று பார்க்க வழி உண்டு. கோயம்புத்தூரில் வெளியான கோ 39 இந்த நோய்க்கு எளிதில் இரையாகும். அந்த ரகத்திலேயே ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவாகச் சேர்த்து வரிசைகள் உருவாக்கியிருக்கிறார்கள். அவற்றை நாற்றங்காலில் விதைத்து, எதில் சாம்பல் நடுவும் பழுப்பு ஓரமும் கொண்ட கண் வடிவப் புள்ளி விழுகிறது என்று பாருங்கள்.

மருந்து விஷயத்திலும் இதே கோளாறுதான். டிரைசைக்ளசோல் என்ற மருந்து பூஞ்சணத்தைக் கொல்வதில்லை, அதில் மெலனின் என்ற கருநிறப் பொருள் உருவாவதைத் தடுக்கிறது. இலையைத் துளைக்கும் பூஞ்சண உறுப்புக்கு கார் டயரைப்போல் சுமார் 40 மடங்கு அழுத்தம் வேண்டும். மெலனின் இல்லாவிட்டால் அந்த அழுத்தம் சேராது. துளைத்து உள்ளே போன பிறகு தெளித்துப் பயன் குறைவு. 75 சதத் தூளை லிட்டருக்கு 0.6 கிராம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 6 கிராம் கலந்து, கழுத்துக்குலைக்கு (கதிரின் கழுத்தில் விழும் குலை நோய்க்கு) கதிர் வெளிவரும் முன்பே தெளிக்க வேண்டும். கழுத்து கறுத்தபின் அந்தக் கதிர் தேறாது. அசாக்சிஸ்ட்ரோபின் வகைப் பூஞ்சண மருந்தை மட்டும் திரும்பத் திரும்ப அடித்தால், ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே பூஞ்சணம் தப்பிவிடும். வகை மாற்றி அடியுங்கள். நோயைக் கூட்டும் அளவுக்கு யூரியாவை ஒரே தவணையில் கொட்டிவிட்டு மருந்தைக் குறை சொல்வதும் உண்டு.

கேழ்வரகில் வருவதும் குலை நோய், நெல்லில் வருவதும் குலை நோய். ஆனால் பூஞ்சண வழித்தோன்றல் வேறு. 2016இல் வங்கதேசக் கோதுமையை இந்நோய் தாக்கியபோது, அது உள்ளூர் நெல் பூஞ்சணம் அல்ல, தென் அமெரிக்கக் கோதுமை வழி வந்தது என்பது மரபணு வரிசையைப் பார்த்த பிறகுதான் உறுதியானது.

ஆய்வு மாணவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. ஒரே வயலில் 30 நோய்ப்புள்ளிகளை எடுத்து "மாவட்டத்தின் மரபணு வேறுபாடு" என்று எழுதினால், பெரும்பாலும் ஒரே குளோனைத்தான் (ஒரே பூஞ்சணத்தின் அச்சு நகலை) 30 முறை எண்ணியிருப்பார்கள். பல ஊர், பல ரகம் எடுங்கள். ஒரு புள்ளிக்கு ஒரு மாதிரி, அதிலும் பூஞ்சணத்தின் ஒற்றை வித்திலிருந்து (ஸ்போர்) வளர்த்தது. பூஞ்சண இனத்தை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியின் வரிசை மட்டும் போதாது, இனத்துக்குள் உள்ள வேறுபாடு அதில் அநேகமாகத் தெரியாது; எஸ்எஸ்ஆர் குறியீடு (திரும்பத் திரும்ப வரும் சிறு டிஎன்ஏ துண்டுகளை ஒப்பிடுவது) அல்லது முழு மரபணுத்தொகுதி வேண்டும். பூஞ்சணத்தை ஆய்வகத் தட்டுக்குத் தட்டு மாற்றி வளர்த்துக்கொண்டே போனால் வித்து உருவாவதும் நோயுண்டாக்கும் திறனும் குறைந்துபோகும். எடுத்த வாரமே வடிதாள் துண்டில் வளரவிட்டு, நன்கு உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் வைத்துவிடுங்கள்.