நண்டை வேகவைக்கும் முன்பே இதை எடுத்துவிடுங்கள்

நண்டின் மேலோட்டைத் திறந்ததும் உள்ளே மஞ்சளும் பச்சையுமாகக் கூழ் போல ஒன்று இருக்கும். சமைப்பதற்கு முன்பே அதை வழித்து எடுத்துவிட்டு, நன்றாகக் கழுவிவிடுங்கள். ஃப்ரீசரில் வைப்பதாக இருந்தாலும் முதலில் இதைச் செய்துவிடுவது நல்லது.

அந்தக் கூழ்தான் நண்டின் செரிமானச் சுரப்பி. கடல்நீரிலும் இரையிலும் இருந்து வரும் காட்மியம் என்ற நச்சு உலோகம் பெரும்பாலும் அங்கேதான் சேர்கிறது. கால், கொடுக்குச் சதையில் மிகக் குறைவு. முழுசாக வேகவைத்தாலோ உறையவைத்து உருக்கினாலோ அது வெள்ளைச் சதைக்கும் கசியும், வேகவைத்த தண்ணீரிலும் இறங்கும். காட்மியம் நம் சிறுநீரகத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் தங்கக்கூடியது என்பதால், ருசிக்காக அந்தப் பகுதியை விரும்பிச் சாப்பிடுகிறவர்கள், முக்கியமாகக் குழந்தைகளுக்கு ஊட்டுகிறவர்கள், கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் நண்டுக்கு வைத்திருக்கும் காட்மிய வரம்பு (கிலோவுக்கு 0.5 மில்லிகிராம்) கூட வெள்ளைச் சதைக்கு மட்டும்தான். சிங்கி இறாலுக்கும் இதே முறைதான்.

மட்டி, ஆளி, சிப்பி வகைகளுக்கு இது உதவாது. அவற்றை உள்ளுறுப்போடு அப்படியே சாப்பிடுகிறோம். சுத்தமான உப்புநீரில் சில மணி நேரம் போட்டு வைத்தால் மணலும் ஓரளவு கிருமியும் வெளியேறும், உலோகம் போகாது. அவை எந்த நீரில் வளர்ந்தவை என்று கேட்டு வாங்குவதுதான் வழி. தொழிற்சாலைக் கழிவு கலக்கும் முகத்துவாரம், துறைமுகம் என்றால் வேண்டாம். அப்புறம், பாதரசம் சதையிலேயே சேர்வதால் நண்டின் கூழை எடுத்துவிடும் இந்த முறையில் குறையாது.