உறைமோர் பாக்டீரியா குடலைக் காக்குமா? சோதித்துப் பார்க்கும் முறை

பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் வயிறு சரியில்லை என்றால் முதல் மருந்து ஒரு டம்ளர் நீர்மோர்தான். தமிழ் பேசும் வீடு, மலையாளம் பேசும் வீடு என்ற பேதம் இதில் கிடையாது. நுண்ணுயிரியல் படிக்க வரும் மாணவர்களில் ஒருவராவது ஆண்டுதோறும் வீட்டு உறைமோரைத் தூக்குவாளியில் கொண்டுவந்து, "சார், இது குடல் புண்ணை ஆற்றும் என்று பாட்டி சொல்கிறார்கள். நிரூபித்துவிடலாமா?" என்று கேட்பதுண்டு. சித்தூர்த் தென்னங்கள்ளிலும் இதே இனத்து பாக்டீரியாக்கள் உண்டு. அதைக் கொண்டுவந்தால் கல்லூரி முதல்வருக்கு யார் பதில் சொல்வது? ஆகவே மோரோடு நிற்போம்.

பாட்டி சொல்வது ஒரே வாக்கியம். அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. அந்த பாக்டீரியா உயிரோடு குடல்வரை போகிறதா? நோய்க்கிருமியைத் தடுக்கிறதா? அழற்சியைத் தணிக்கிறதா? தானே தீங்கு செய்யாமல் இருக்கிறதா? ஒன்றுக்குக் கிடைத்த விடையை இன்னொன்றுக்கும் சேர்த்து எழுதிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை.

படி 1: பிரித்தெடுத்தல்

ஒரு கிராம் தயிரை 9 மி.லி. உப்புக்கரைசலில் (0.85 சதவீதம்) கலக்குங்கள். அதிலிருந்து 1 மி.லி. எடுத்து அடுத்த 9 மி.லி.யில் விடுங்கள். இப்படி ஆறேழு முறை பத்துப் பத்தாக நீர்க்கச் செய்து, கடைசி மூன்று குழாய்களிலிருந்து 0.1 மி.லி. வீதம் எம்.ஆர்.எஸ். அகார் (இந்த பாக்டீரியாக்களுக்கான கெட்டியான சத்து ஊடகம்) தட்டுகளில் பரப்புங்கள். ஆக்ஸிஜன் குறைந்தால் இந்த பாக்டீரியாக்களுக்கு வசதி. தட்டுகளை மூடிய ஜாடிக்குள் எரியும் மெழுகுவத்தியுடன் வைத்தாலே போதும். 37 டிகிரியில் 48 மணி நேரம்.

30 முதல் 300 காலனிகள் (பாக்டீரியா பெருகி உண்டான புள்ளிகள்) உள்ள தட்டை மட்டும் எண்ணுங்கள். தனித்து நிற்கும் ஒரு காலனியை எடுத்துப் புதுத் தட்டில் கோடு இழுத்து, அதையே இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். வீட்டுத் தயிரில் ஈஸ்ட்டும் இருக்கும். அவசரப்பட்டால் கலப்படத்தைத்தான் சோதிப்பீர்கள். பாக்டீரியாவை வகை பிரிக்கும் கிராம் சாயத்தில் ஊதா நிறம், ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் குமிழி வராமை ஆகிய இரண்டும் பொருந்தினால் பாலைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா என்று தற்காலிகமாக நம்பலாம். பெயரை உறுதி செய்ய, பாக்டீரியாவை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவின் வரிசை வேண்டும். பழைய பாடப்புத்தகத்தில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் பேரினம் 2020இல் பல பேரினங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. அதிலிருந்த பிளான்டாரம் என்ற நம் பழைய நண்பரின் பேரினம் இப்போது லாக்டிபிளான்டிபேசில்லஸ்.

படி 2: அமிலமும் பித்தமும்

உயிரோடு குடல்வரை போகுமா என்று பார்க்க, ஊடகத்தின் (பாக்டீரியா வளரும் சத்துத் திரவம்) பிஎச் அளவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் 3க்குக் கொண்டுவந்து, பாக்டீரியாவை மூன்று மணி நேரம் வையுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் உயிருள்ளவற்றை எண்ணுங்கள். 0.3 சதவீதப் பித்தநீரில் இன்னொரு நான்கு மணி நேரம். பத்துக் கோடி ஒரு கோடியானால் நல்ல தேர்ச்சி. பத்தாயிரமானால் வேறு காலனியைத் தேடுங்கள்.

படி 3: நோய்க்கிருமியோடு மோதல்

இங்கே சற்று நிதானமாகப் போக வேண்டும். நான் வழுக்கி விழுந்த இடம் இது.

பயிற்சிக்கு, குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் நோய் விளைவிக்காத திரிபு (உள்வகை) ஒன்றே போதும். சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமியைத் தகுந்த பாதுகாப்பு வசதி இல்லாத இடத்தில் தொடவே கூடாது. ஈ. கோலையைத் தட்டு முழுவதும் பரப்பி, 6 மி.மீ. அகலக் குழிகள் வெட்டுங்கள். உங்கள் பாக்டீரியா வளர்ந்த ஊடகத்தை சென்ட்ரிபியூஜில் சுற்றி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் இறக்கி, அந்தத் தெளிநீரை 100 மைக்ரோலிட்டர் வீதம் குழியில் விடுங்கள். மறுநாள் குழியைச் சுற்றி ஈ. கோலை வளராத தெளிந்த வட்டம் தெரியும்.

மாணவனாக இருந்தபோது அந்த வட்டத்தைப் பார்த்து ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். வழிகாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காடி ஊற்றினாலும் இந்த வட்டம் வருமே?" தெளிநீரில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பிஎச் 6.5க்கு உயர்த்திவிட்டு மீண்டும் செய்தேன். வட்டம் மாயமாகிவிட்டது. வெறும் புளிப்புதான் அத்தனை வேலையும் செய்திருக்கிறது.

எனவே ஒரே தட்டில் நான்கு குழிகள் வேண்டும். ஒன்றில் தெளிநீர். இரண்டாவதில் புளிப்பு நீக்கிய தெளிநீர். மூன்றாவதில், பாக்டீரியாவே படாத ஊடகத்தில் லாக்டிக் அமிலம் சேர்த்து அதே பிஎச் அளவுக்குக் கொண்டுவந்தது. நான்காவதில், புளிப்பு நீக்கி, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதியும் சேர்த்த தெளிநீர். இரண்டாவது குழியில் வட்டம் நின்று, நான்காவதில் மறைந்தால் பாக்டீரியோசின் என்ற புரதத்தைச் சந்தேகிக்கலாம். புளிப்பால் கிருமி சாவது இழிவல்ல. ஆனால் அதற்கு உங்கள் பாக்டீரியாதான் வேண்டும் என்பதில்லை, எந்தப் புளித்த தயிரும் போதும்.

ஈ. கோலை என்றாலே வில்லன் என்றும் எண்ண வேண்டாம். முதல் உலகப் போரில் உடனிருந்தவர்களுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு வந்தபோது தப்பிய ஒரு வீரரிடமிருந்து ஆல்ஃபிரெட் நிஸ்லே 1917இல் பிரித்த ஈ. கோலை திரிபு, பெருங்குடல் அழற்சி நோயாளிகளுக்கு இன்றும் புரோபயாடிக்காக (நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிராக) தரப்படுகிறது.

படி 4: புழுக்கள்

தட்டில் நடந்தது உடலுக்குள்ளும் நடக்குமா என்று பார்க்க, சி. எலிகன்ஸ் என்ற ஒரு மி.மீ. நீளப் புழு மலிவான வழி. ஒரு கூட்டத்துக்கு உங்கள் பாக்டீரியாவையும், இன்னொன்றுக்கு வழக்கமான உணவான ஓபி50 என்ற ஈ. கோலையையும் கொடுத்து வளர்த்து, பிறகு இரண்டையும் கிருமி வளர்ந்த புதுத் தட்டுக்கு மாற்றுங்கள். பழைய தட்டிலேயே கிருமியைச் சேர்த்தால் அதே புளிப்புப் பிரச்சினை திரும்ப வரும். எந்தக் கூட்டத்தில் சாவு குறைவு என்று எண்ணுங்கள். பிளாட்டினக் கம்பியால் மெல்லத் தொட்டும் அசையாத புழு இறந்துவிட்டது என்று கொள்ளுங்கள். எது எந்தத் தட்டு என்று எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. நண்பரை விட்டுக் குறியீடு எழுதச் சொல்லுங்கள்.

இந்தப் புழுவுக்கு 20 டிகிரி வேண்டும். பங்குனிச் சித்திரை வெயிலில் பாலக்காட்டில் மின்சாரம் போனால் சோதனையும் போனது. நாங்கள் கார்த்திகை மார்கழியில்தான் தொடங்குகிறோம்.

படி 5: அழற்சி

இது கல்லூரி ஆய்வகத்தின் எல்லையைத் தாண்டியது; ஆனாலும் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கத் தெரிய வேண்டும். கேகோ-2 என்ற மனிதக் குடல் செல்களைச் சுமார் 21 நாள் வளர்த்தால் குடல்சுவர் போன்ற படலம் உருவாகும். அழற்சியைத் தூண்டிவிட்டு, படலத்தின் மின்தடை எவ்வளவு குறைகிறது, அழற்சியைக் காட்டும் ஐஎல்-8 என்ற புரதம் எவ்வளவு சுரக்கிறது என்று அளப்பார்கள்.

எலியில் என்றால், குடலில் அழற்சியை உண்டாக்கும் டெக்ஸ்ட்ரான் சல்பேட் சோடியத்தைக் குடிநீரில் 2 முதல் 3 சதவீதம் கலந்து ஒரு வாரம் போலக் கொடுப்பது வழக்கம். எடை குறையும், மலத்தில் ரத்தம் வரும், பெருங்குடல் சுருங்கும். இதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். படிக்கும்போது மூன்றைத் தேடுங்கள். இரண்டு குழுவும் ஒரே அளவு தண்ணீர் குடித்தனவா? குறைவாகக் குடித்த எலிக்கு நோயும் குறைவாகத்தான் வரும். ஒவ்வொரு குழுவும் பல கூண்டுகளில் இருந்ததா? எலிகள் ஒன்றன் மலத்தை மற்றொன்று தின்னும், அதனால் ஒரு கூண்டுக்கே ஒரே குடல் என்று சொல்லலாம். சூட்டில் கொன்ற பாக்டீரியாவையும் கொடுத்துப் பார்த்தார்களா? செத்ததும் அதே பலன் தந்தால் 'உயிருள்ள நுண்ணுயிர்' என்ற புரோபயாடிக் வரையறையே ஆட்டம் காண்கிறது.

படி 6: பாதுகாப்பு

ரத்த அகாரில் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடாது. பிற கிருமிகளுக்குக் கைமாற்றக்கூடிய மருந்து எதிர்ப்பு மரபணு இருக்கக் கூடாது. இதைக் கடைசியில் எழுதினேனே தவிர, முதலிலேயே செய்யலாம். கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நெதர்லாந்தில் நடந்து 2008இல் வெளியான சோதனையில், புரோபயாடிக் பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்தனர். பெறாத 144 பேரில் 9 பேர்.

எல்லாத் தட்டுகளையும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) பிறகே வெளியே எறியுங்கள். ஆய்வகத்துக்குள் வந்த தூக்குவாளி மறுபடி அடுப்படிக்குப் போகக் கூடாது. அதைக் கொண்டுவரும் முன்பே பாட்டியிடம் சொல்லிவிடுவது நல்லது.