மத்திய அரசு மீது வழக்கா? நெல்லையிலிருந்து எந்தக் கோர்ட்டுக்குப் போவது

எதிராளி மத்திய அரசு என்பதற்காக டெல்லிக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் தனி, கூட்டாட்சி நீதிமன்றங்கள் தனி. இங்கே முன்சீப் கோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை ஒரே ஏணிதான். காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் என்ற மத்தியச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு வழக்கை நம்மூர் மாஜிஸ்திரேட்தானே விசாரிக்கிறார்! மத்திய அரசும் மாநில அரசும் ஒன்றோடொன்று மோதினால்தான் அரசியல் சாசனத்தின் 131-ஆவது பிரிவுப்படி நேரே உச்ச நீதிமன்றம்.

ஆகவே யார் போட்ட சட்டம் என்று பார்க்க வேண்டாம். இந்த விவகாரத்துக்கென்று தீர்ப்பாயம், அதாவது அந்த வகைத் தகராறை மட்டும் விசாரிக்கும் தனி மன்றம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிவில் கோர்ட் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். மகேந்திரகிரி இஸ்ரோ ஊழியரின் பதவி உயர்வுப் பிரச்சினை சென்னையிலுள்ள மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகும். இறுதி உத்தரவு வந்த ஓராண்டுக்குள் மனு வேண்டும். சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 1997 தீர்ப்புக்குப் பிறகு இந்தத் தீர்ப்பாயத்தைத் தாண்டி நேரே உயர் நீதிமன்றம் போக முடியாது. ரயில் விபத்து இழப்பீட்டுக்கு ரயில்வே தீர்ப்பாயம், அதற்கும் ஓராண்டு. கடன் பாக்கிக்காக வங்கி வீட்டுச் சுவரில் சர்ஃபாசி (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு வழிவிடும் சட்டம்) நோட்டீஸ் ஒட்டிச் சுவாதீனம் எடுத்தால் மதுரைக் கடன் மீட்புத் தீர்ப்பாயம், 45 நாள். தேசிய நெடுஞ்சாலைக்குப் போன நிலத்துக்குத் தொகை போதவில்லை என்றால் மத்திய அரசு நியமித்த நடுவரிடம் மனு. அவர் முடிவிலும் குறையிருந்தால்தான் மாவட்ட நீதிமன்றம். அதற்கு 3 மாதம். தக்க காரணம் காட்டினால் மேற்கொண்டு 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடைக்காது.

தீர்ப்பாயம் எதுவும் இல்லையா? ரயில்வே நிலத்துக்கும் உங்கள் வயலுக்கும் எல்லைத் தகராறு என்று வையுங்கள். வயல் வள்ளியூரில் இருந்தால் வழக்கும் அந்த ஊர் அடங்கும் சிவில் கோர்ட்டில்தான். ஆனால் பிராது (வழக்கு மனு) போடுமுன் சிவில் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து, இரண்டு மாதம் முழுசாகக் கழிய வேண்டும். பாதி வழக்குகள் இடறுவது இங்கேதான். வள்ளியூர்த் தடம் திருவனந்தபுரம் கோட்டம், திருநெல்வேலி ஸ்டேஷன் மதுரைக் கோட்டம் என்று கோட்ட மேலாளருக்கு நோட்டீஸ் அனுப்பிவிடுவார்கள். சட்டம் கேட்பது பொது மேலாளருக்கு, அதாவது சென்னையிலுள்ள தெற்கு ரயில்வே தலைமையகத்துக்கு. மற்ற மத்தியத் துறைகள் என்றால் அந்தத் துறைச் செயலாளருக்கு.

நோட்டீஸில் உங்கள் பெயர், விவரம், இருப்பிடம், வழக்குமூலம் (வழக்குக்குக் காரணமான நிகழ்வுகள்), கேட்கும் பரிகாரம் எல்லாம் வேண்டும். சின்னப் பிழைகளை 80(3) மன்னிக்கும். தவறான ஆபீஸுக்குப் போன நோட்டீஸை மன்னிக்காது. நோட்டீஸ் சேர்ந்ததைப் பிராதிலும் ஒரு வரி எழுத வேண்டும், ஒப்புகையை இணைக்க வேண்டும். நாளைக்கே சுவரை இடிக்கிறார்கள் என்றால் 80(2)-ன்படி கோர்ட் அனுமதி வாங்கி நோட்டீஸ் இல்லாமலே போடலாம். அவசரம் இல்லை என்று நீதிபதி நினைத்தால் பிராது கைக்குத் திரும்பி வரும். காத்திருக்கும் இரண்டு மாதம் காலவரையறைக் கணக்கில், அதாவது வழக்குப் போடுவதற்கான கெடுவில் சேராது. பிரதிவாதியை 'இந்திய ஒன்றியம்' என்று எழுதுங்கள், 'ரயில்வே இலாகா' என்று அல்ல. எல்ஐசி, அரசுடைமை வங்கி போன்றவை 80-ஆம் பிரிவு சொல்லும் 'அரசு' ஆகா. அவற்றுக்காக இரண்டு மாதத்தை வீணாக்காதீர்கள்.

பாஸ்போர்ட் மறுப்பு போன்ற அதிகார மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசுக்கு நேரடி ஆணை கேட்கும் மனு). அதற்கு 2004 ஜூலை முதல் சென்னை போக வேண்டியதில்லை, மதுரைக் கிளை போதும். 1953-இல் சாகா வெங்கட ராவ் வழக்கில், டெல்லியிலிருக்கும் தேர்தல் ஆணையத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் ரிட் அனுப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1963-இல் அரசியல் சாசனத்தின் 15-ஆவது திருத்தம் வந்து, வழக்குமூலத்தில் ஒரு பகுதி இங்கே எழுந்தாலே போதும் என்றானது. திருநெல்வேலியில் குடியிருக்கிறேன் என்பது மட்டும் வழக்குமூலம் ஆகாது. இங்கே என்ன நடந்தது என்று மனுவில் தனிப் பத்தியாகவே எழுதுங்கள்.

தவறான கோர்ட்டில் போட்டுப் பிராது திரும்பிவிட்டால், நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் நடத்தியிருந்தால், அங்கே போன நாட்களைக் காலவரையறைச் சட்டம் 14-ஆம் பிரிவு கழித்துக் கொடுக்கும். அதை நிரூபிக்கத் திருப்பிய உத்தரவின் சான்று நகல் வேண்டும். அன்றைக்கே நகல் மனு போட்டுவிடுங்கள்.